ஒருவரைப் படிப்பதா, எல்லோரையும் அளப்பதா: உளவியலின் பழைய வழக்கும் யாழ்ப்பாணத்துத் தேவையும்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் "மூன்று ஏயா?" என்று கேட்டவர் அடுத்த மூச்சில் "இசட் எவ்வளவு?" என்றும் கேட்பார். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இந்த இசட் புள்ளியின் கணக்கு எளிது. மாணவர் ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரின் இடையை, அதாவது சராசரியை, கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படிச் செய்து சராசரி எடுப்பார்கள். இடை 48, நியம விலகல் 16 உள்ள பாடத்தில் 72 எடுத்தவருக்கு 1.5 வரும். இடை 60, நியம விலகல் 12 உள்ள பாடத்தில் அதே 72க்கு 1.0தான்.

2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் இந்தக் கணக்கு பெரிய சிக்கலில் மாட்டியது. புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒரே கூட்டமாகக் கலந்து கணக்கிட்டிருந்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், இரு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்று 2012இல் தீர்ப்பாயிற்று. மாணவர் எழுதிய விடைத்தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. யாரோடு சேர்த்து எண்ணுவது என்பது மாறியது, எண்ணும் மாறியது. இசட் புள்ளி ஒருவரைப் பற்றிய எண் போலத் தோன்றினாலும், ஒரு கூட்டத்துக்குள் அவர் நிற்கும் இடத்தையே அது சொல்கிறது. ஆட்களைத் தெரிவு செய்வதற்கு அது போதும். அந்தப் பிள்ளை ஏன் பௌதிகவியலில் தடுமாறுகிறது என்று அறிய விரும்பும் ஆசிரியருக்கு அதில் ஒன்றுமே இல்லை.

உளவியலில் நூறு வருடத்துக்கு மேலாக நடக்கும் ஒரு வழக்கின் சாரமும் இதற்குள் இருக்கிறது.

வழக்கின் பூர்வீகம்

1894இல் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ஜேர்மன் மெய்யியலாளர் வில்ஹெல்ம் விண்டெல்பாண்ட் ஒரு பிரிப்பை முன்வைத்தார். சில அறிவுத்துறைகள் என்றைக்கும் பொருந்தும் விதியைத் தேடுகின்றன. சில, ஒருமுறையே நிகழ்ந்ததை அதன் முழு விவரத்தோடு விளங்கிக்கொள்ள முயல்கின்றன. முதலாவதை நோமோதெதிக் என்றார், இரண்டாவதை இடியோகிராபிக் என்றார். இங்கே அவற்றைப் பொதுவிதி வழி, தனியாள் வழி என்றே சொல்லிக்கொண்டு போவோம். ஒரே பொருளை இரண்டு வழியாலும் ஆராயலாம் என்றும் விண்டெல்பாண்ட் சொல்லியிருந்தார். பின்னால் வந்த சண்டையில் அந்தப் பகுதி எப்படியோ தொலைந்துபோனது.

இந்தப் பிரிப்பை அமெரிக்க உளவியலுக்குள் பரவலாக்கியவர் ஹார்வர்டில் கற்பித்த கோர்டன் ஆல்போர்ட். 1936இல் அவரும் ஹென்றி ஓட்பெர்ட்டும் ஆங்கில அகராதியிலிருந்து மனித இயல்பைக் குறிக்கும் 17,953 சொற்களைத் திரட்டினார்கள். இன்றைய ஆளுமைச் சோதனைகளின் ஐந்து பெரும் காரணிகளுக்குப் பின்னால் அந்தப் பட்டியலும் உண்டு. அதே ஆல்போர்ட் மறு வருடமே, 1937இல் வெளியான தம் ஆளுமை நூலில், ஒருவரின் குணங்கள் அவருக்குள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை எந்தப் பொதுப் பட்டியலாலும் பிடிக்க முடியாது என்று வாதிட்டார். ஜெனி என்று புனைபெயர் இடப்பட்ட ஒரு தாய் பதினொரு வருடத்துக்கு மேலாக எழுதிய 301 கடிதங்களை அவர் ஆராய்ந்தார். 36 பேர் அக்கடிதங்களைப் படித்து 198 இயல்புச் சொற்கள் தந்தார்கள். ஆல்போர்ட் அவற்றை எட்டுத் தொகுதியாக்கினார். பிறகு ஜெஃப்ரி பெய்ஜ் அதே கடிதங்களைக் கணினியில் இட்டுக் காரணிப் பகுப்பாய்வு (சேர்ந்து வரும் சொற்களைக் கணக்கால் தொகுக்கும் முறை) செய்து 1966இல் வெளியிட்டபோது, கிடைத்த காரணிகள் ஆல்போர்ட்டின் தொகுதிகளோடு பெருமளவு ஒத்துப்போயின. தனியாளைப் படிப்பது என்றால் கதை எழுதுவது என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு பதில். ஒருவருக்குள்ளும் எண்ணலாம், அளக்கலாம், பிழை பிடிக்கலாம்.

ஆல்போர்ட்டின் கேள்வி சரியானது. அதற்குரிய கணிதம் அவர் கையில் இருக்கவில்லை. அது வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

பொது வேறு, சராசரி வேறு

குழப்பத்தின் வேர், பொது என்பதைச் சராசரி என்று வாசித்ததில் இருக்கிறது. ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட மறதி வளைகோடு இன்றும் பாடப்புத்தகங்களில் உண்டு. அந்த ஆய்வில் பங்குபற்றியவர் ஒரே ஒருவர், எபிங்ஹவுஸ்தான். பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300ஐ உருவாக்கி, மனனம் செய்து, மறந்து, மீண்டும் மனனம் செய்தார். 2015இல் நெதர்லாந்தில் அதை மீளச் செய்தபோதும் ஒரே ஆள்தான். வளைகோடு பெரும்பாலும் அப்படியே வந்தது. 1879இல் லைப்சிக்கில் தொடங்கிய வில்ஹெல்ம் வுண்டின் உளவியல் ஆய்வுகூடத்திலும் முடிவுகளை ஆள் ஆளாகவே தந்தார்கள். ஒருவரிடம் கண்டதை இன்னொருவரிடம் திருப்பிப் பார்ப்பது, அவரிடமும் வந்தால் மூன்றாமவரிடம் பார்ப்பது. இப்படி ஒவ்வொருவருக்கும் பொருந்துவதே அன்றைக்குப் பொதுவிதி எனப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. ரொனால்ட் பிஷர் இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் பணியாற்றியபோது உருவாக்கி 1925இல் நூலாக்கிய புள்ளிவிபர முறைகள் உளவியலுக்குள் நுழைந்தன. பசளை போட்ட பாத்திகளின் சராசரி விளைச்சலைப் போடாத பாத்திகளோடு ஒப்பிடுவது விவசாயிக்கு உகந்த முறை. அவருக்கு வேண்டியது வயலின் மொத்த விளைச்சல். தனி ஒரு நாற்றைப் பற்றி அவர் கவலைப்பட மாட்டார். சீர்மியத்துக்கு, அதாவது உளவள ஆலோசனைக்கு, வந்திருப்பவரோ அந்த ஒற்றை நாற்று.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று. பத்துப் பிள்ளைகள் பின்னக் கூட்டல் படிக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருநாள் திடீரென்று விளங்குகிறது: அதுவரை 10க்கு 0, அன்றிலிருந்து 10. முதற்பிள்ளைக்கு முதல்நாள், இரண்டாம் பிள்ளைக்கு இரண்டாம் நாள் என்று பத்தாம் நாள் வரை போகிறது. வகுப்பின் சராசரி என்ன காட்டும்? முதல்நாள் 1, அடுத்தநாள் 2, ஐந்தாம் நாள் 5 என்று நேர்கோடாக ஏறும். "பிள்ளைகள் நாளுக்கு ஒரு புள்ளியாக, படிப்படியாகக் கற்கிறார்கள்" என்று அறிக்கை எழுதலாம். அப்படிக் கற்ற பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுகூட இல்லை. மறே சிட்மன் 1952இலும் வில்லியம் எஸ்ரெஸ் 1956இலும் இதை எச்சரித்தார்கள். 2004இல் கலிஸ்ரெலும் சகாக்களும் விலங்குகளின் கற்றல் தரவுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, வழவழப்பான கூட்டு வளைகோட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் திடீர்ப் பாய்ச்சல்களே இருந்தன.

மூன்று மாணவர், ஒன்பது இரவு

இன்னும் ஆபத்தான ஏமாற்று ஒன்று உண்டு. உயர்தர மாணவர் மூவரை எடுப்போம். கணக்கு விளங்குவதற்காகப் புனைந்த எண்கள் இவை. ஒவ்வொருவரும் மூன்று இரவு, படித்த மணித்தியாலத்தையும் பரீட்சைப் பதற்றத்தை 0 முதல் 10 வரையான அளவிலும் பதிகிறார்கள். முதலாமவர் 2, 3, 4 மணித்தியாலம் படித்த இரவுகளில் பதற்றம் 7, 8, 9. இரண்டாமவர் 4, 5, 6 மணித்தியாலம். பதற்றம் 5, 6, 7. மூன்றாமவர் 6, 7, 8 மணித்தியாலம். பதற்றம் 3, 4, 5.

ஒன்பது சோடி எண்களையும் ஒரே தாளில் குறித்து இணைபுக் குணகம் (இரண்டும் சேர்ந்து ஏறினால் +1 வரை, ஒன்று ஏற மற்றது இறங்கினால் −1 வரை போகும் எண்) கணித்தால் −0.6 வரும். "கூடப் படித்தால் பதற்றம் குறையும்" என்று ரியூட்டரிச் சுவரில் ஒட்டிவிடலாம். இப்போது ஒவ்வொரு மாணவரின் எண்களிலிருந்தும் அவரவர் இடையைக் கழியுங்கள். மூவருக்கும் மணித்தியாலம் −1, 0, 1. பதற்றமும் −1, 0, 1. இணைபு +1. ஒவ்வொருவருக்கும், கூடப் படித்த இரவே கூடப் பதறிய இரவு. ஆட்களுக்கிடையில் உள்ள தொடர்பும் ஓர் ஆளுக்குள் உள்ள தொடர்பும் நேரெதிர். உளவியல் ஆய்வாளர் எலன் ஹமாக்கர் தட்டச்சை வைத்து இதையே காட்டியிருக்கிறார். வேகமாகத் தட்டச்சுச் செய்பவர்கள் பொதுவாகப் பிழை குறைவாக விடுகிறார்கள், ஆனால் எவரும் தம் வழமையைவிட வேகம் கூட்டினால் அவருக்குப் பிழை கூடுகிறது. உடற்பயிற்சியும் அப்படித்தான். ஒழுங்காகச் செய்பவர்களுக்கு மாரடைப்பு அபாயம் குறைவு. ஆனால் செய்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஒருவருக்கு அபாயம் சற்றுக் கூட.

இந்த +1 வந்ததும் "படிப்பே பதற்றத்தைத் தருகிறது" என்று குதிக்கவும் கூடாது. பதற்றம் வந்ததால் நித்திரை வராமல் கூடப் படித்திருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க, நேற்றைய மணித்தியாலத்தை இன்றைய பதற்றத்தோடும், நேற்றைய பதற்றத்தை இன்றைய மணித்தியாலத்தோடும் ஒப்பிட வேண்டும். பரீட்சை நெருங்க நெருங்க இரண்டுமே ஏறும் என்பதால் அந்தப் பொது ஏற்றத்தையும் முதலில் கழிக்க வேண்டும். இவற்றுக்கு மூன்று இரவு காணாது. ஐம்பது, அறுபது பதிவாவது வேண்டும்.

கூட்டத்தின் கணக்கு எப்போது தனியாளுக்கும் பொருந்தும்? 2004இல் உளவியல் ஆய்வாளர் பீற்றர் மொலெனார் இதற்குக் கறாரான விடை தந்தார். புள்ளிவிபரப் பௌதிகவியலிலிருந்து அவர் எடுத்த நிபந்தனைகள் இரண்டு. கூட்டத்தில் உள்ள எல்லோரும் ஒரே விதமான இயக்கத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். காலம் போகப் போக ஒவ்வொருவரின் இடையும் மாறற்றிறனும் (நியம விலகலின் வர்க்கம், சிதறலின் அளவு) மாறாதிருக்க வேண்டும். நூறு நாணயங்களை ஒருமுறை சுண்டுவதும் ஒரு நாணயத்தை நூறுமுறை சுண்டுவதும் ஒரே கணக்கைத் தருவது இதனால்தான். வளர்ச்சி, கற்றல், துக்கம், நோய் தேறுதல் எல்லாம் இரண்டாவது நிபந்தனையை அந்த இடத்திலேயே மீறுகின்றன; அவை நடக்கின்றன என்றாலே இடை மாறுகிறது என்றுதான் அர்த்தம். 2018இல் ஆரன் பிஷரும் சகாக்களும் ஆறு தரவுத் தொகுதிகளை மீளப் பார்த்தபோது, ஓர் ஆளுக்குள் காலப்போக்கில் வந்த மாறற்றிறன் ஆட்களுக்கிடையிலானதைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு பெரிதாக இருந்தது.

நோயின் பெயர்கூட இதில் தப்பவில்லை. அமெரிக்காவில் மனச்சோர்வு என்ற ஒரே நோய்நிர்ணயம் பெற்ற 3,703 பேரின் அறிகுறிகளை ஐக்கோ பிரீடும் ராண்டொல்ப் நெஸ்ஸியும் 2015இல் ஒப்பிட்டார்கள். கிடைத்தவை 1,030 வெவ்வேறு அறிகுறிக் கலவைகள். ஆகக்கூடிய பேரிடம் காணப்பட்ட கலவையும் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் பொருந்தவில்லை.

7 வீதம் என்றால் யார்?

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். போர் முடிந்த 2009ஆம் ஆண்டு, யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ். மாவட்டத்தில் நடத்திய ஒரு வீட்டுக் கணக்கெடுப்பு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. 1,448 பேர் பதிலளித்தார்கள். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் 7.0 வீதமானோரிடமும், பதகளிப்பு 32.6 வீதமானோரிடமும், மனச்சோர்வு 22.2 வீதமானோரிடமும் காணப்பட்டன. இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர்களிடம் எல்லாமே கூட.

இந்த எண்கள் இல்லாமல் எத்தனை உளமருத்துவர் வேண்டும், எந்தப் பிரதேசத்துக்கு முதலில் கிளினிக் வேண்டும் என்று எவரும் வாதாட முடியாது. பொதுவிதி வழியின் வலிமை அது. ஆனால் 7 வீதம் என்பது எந்த ஒரு மனிதரிடமும் இருக்கும் குணமல்ல. ஒருவருக்கு 7 வீதம் மனவடு இருப்பதில்லை.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு கணக்கோடு சம்பந்தப்பட்டது. ஒரு வினாக்கொத்து, நோய் உள்ளவர்களில் 85 வீதமானோரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 85 வீதமானோரைச் சரியாக விடுவிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கருவிதான். 1,000 பேரிடம் கொடுக்கிறோம். 70 பேருக்கு நோய் உண்டு. அவர்களில் ஏறத்தாழ 60 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 930 பேரில் 15 வீதம், அதாவது ஏறத்தாழ 140 பேர், அவர்களும் பிடிபடுவார்கள். கையில் இருப்பது 200 பெயர். அதில் உண்மையானவை 60. பத்துக்கு மூன்று. வினாக்கொத்துப் புள்ளியை மட்டும் வைத்து ஒருவரின் கோவையில் நோயின் பெயரை எழுதினால், பத்தில் ஏழு தடவை பிழையாகவே எழுதுகிறோம். அந்த 200 பேரோடும் ஆள் ஆளாக இருந்து கதைக்க வேண்டும். அங்கே தனியாள் வழி ஓர் ஆடம்பரமல்ல.

கருவி எங்கோ செய்யப்பட்டது என்பதால் வரும் பிழை வேறு. உள்ளே உள்ள துன்பம் இங்கே பெருமூச்சாக, தலையிடியாக, நெஞ்சு நோவாக, உடம்பு எரிவாக வெளிவருகிறது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்து அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறார். பெருமூச்சுக்கு மேற்கத்தேயப் பட்டியலில் ஒரு கட்டமும் இல்லை என்றால், ஆகவும் சொல்லப்படும் முறைப்பாடு பதிவாகாமலே போகும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நீடித்த துயர நோயை நிர்ணயிக்க, இறப்பு நிகழ்ந்து குறிப்பிட்ட காலம் கழிந்திருக்க வேண்டும் என்கின்றன கைநூல்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 6 மாதம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் பெரியவர்களுக்கு 12 மாதம். மகன் உயிரோடு இருக்கிறான் என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கு எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? "இறப்பை ஏற்றுக்கொள்ள முடியவில்லை" என்ற கூற்றுக்கு அவர் "ஆம்" என்றால் அது அறிகுறியா, அவரது நிலைப்பாடா? தெளிவற்ற இழப்பு என்ற கருத்தை அமெரிக்காவில் போலின் பொஸ் உருவாக்கியது இந்த இடைவெளியை நிரப்பத்தான். கவனிக்க வேண்டியது, அதுவும் ஒரு பொதுக் கருத்து. தனியாட்கள் பழைய பொதுவிதிக்குள் அடங்காமல் நின்றதால் பிறந்த புதிய பொதுவிதி.

தனியாளா, எல்லோருமா என்று இரண்டு தட்டாக மட்டும் நிறுத்துவதும் போதாது. ஒவ்வொரு மனிதரும் சில வகையில் எல்லோரையும் போல, சில வகையில் சிலரைப் போல, சில வகையில் எவரையும் போலல்லாமல் இருக்கிறார் என்று குளுக்கோனும் மரேயும் 1940களின் இறுதியில் எழுதினார்கள். நடுவில் உள்ள "சிலரைப் போல" என்பது இங்கே குடும்பமும் ஊரும். 2007இல் சோமசுந்தரம் கூட்டு மனவடு பற்றி எழுதிய கட்டுரை அந்த மட்டத்தையே பேசுகிறது. ஊரே இடம்பெயர்ந்து, கோயில் திருவிழா நின்று, ஒருவரில் ஒருவர் வைத்த நம்பிக்கை குலைந்தபின், தனித்தனி ஆட்களின் புள்ளிகளைக் கூட்டி அந்தச் சேதத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

எதிர்த்தரப்பின் பலமான ஆயுதம்

தனியாள் வழியில் பற்றுள்ளவர்கள் அமெரிக்க உளவியலாளர் போல் மீலைக் கொஞ்சம் சங்கடத்தோடுதான் வாசிப்பார்கள். வாசிக்க வேண்டும். 1954இல் அவர் கேட்ட கேள்வி இது: ஒருவர் இனி என்ன செய்வார் என்று எதிர்வுகூறுவதில் அனுபவமுள்ள வைத்தியரின் கணிப்புச் சரியா, சில தகவல்களை இட்டு விடை எடுக்கும் சூத்திரம் சரியா? கையில் இருந்த ஏறத்தாழ இருபது ஆய்வுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் சூத்திரம் வென்றது அல்லது சமனாக நின்றது. 2000இல் வில்லியம் குரோவும் மற்றவர்களும் 136 ஆய்வுகளைத் திரட்டியபோதும் பெரும்பாலும் அதே முடிவு. சூத்திரம் சராசரியாக 10 வீதமளவு கூடச் சரியாக இருந்தது.

ஏன்? மனிதர் ஒரே தகவலுக்கு இன்றொரு விடையும் நாளையொரு விடையும் சொல்வார். மனதில் பதிந்த ஓர் ஆளின் கதையை எல்லோரிலும் காண்பார். தம் கணிப்புப் பிழைத்த ஆட்கள் திரும்பி வந்து சொல்வதும் இல்லை. மீலே ஒரு விதிவிலக்கும் தந்தார்: செவ்வாய் தோறும் படம் பார்க்கப் போகிறவர் இந்தச் செவ்வாயும் போவார் என்று சூத்திரம் சொல்லும், அவருக்குக் கால் முறிந்திருப்பது தெரிந்தால் சூத்திரத்தைத் தள்ளிவைக்கலாம். பிரச்சினை என்னவென்றால், நமக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் கால் முறிந்திருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

ஆகவே பத்துப் பேரில் எவர் இடைநடுவில் வராமல் விடுவார், எவருக்கு முதலில் வீட்டுத் தரிசனம் வேண்டும் என்ற கேள்விக்குச் சூத்திரத்தைக் கேளுங்கள். வந்திருப்பவருக்கு எது எதைத் தூண்டுகிறது, எதை மாற்றினால் எது மாறும் என்ற கேள்விக்கு அவரையே அளக்க வேண்டும்.

ஒருவரை எப்படி அளப்பது

லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் மொன்ரி ஷாபிரோ 1961இல் எழுதிய தனியாள் வினாக்கொத்து முறை இங்குள்ள கிளினிக்குகளுக்கும் பொருந்தும். செலவு ஒரு கொப்பியும் பேனையும்தான். இன்று பெரும்பாலும் கையாளப்படுவது அதன் எளிமையான வடிவம். முதல் சந்திப்பில் வந்தவரிடம் எதில் மாற்றம் வேண்டும் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். "இரவில் கேற்றடியில் சத்தம் கேட்டால் எழும்பி இருந்துவிடுகிறேன்." "ஒரு காரணமும் இல்லாமல் பெருமூச்சு வருகிறது." ஒரு கூற்றுக்கு ஒரு சிறு தாள். பத்துக்கு மேல் வேண்டாம். முக்கிய வரிசையில் அவரையே அடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் கடந்த ஏழு நாளில் எவ்வளவு கரைச்சல் தந்தது என்று 1 முதல் 7 வரை, கிழமைக்கு ஒருமுறை.

இதில் பிழைக்கும் இடங்கள் தெரிந்தவைதான். அவர் "பெருமூச்சு" என்றதைச் சீர்மியர் "பதகளிப்பு" என்று மாற்றி எழுதிவிடுவார். அடுத்த கிழமை எதற்குப் புள்ளி போடுகிறோம் என்று வந்தவருக்கே தெரியாது. "அவர் குடித்துவிட்டு வருவதால் நித்திரை இல்லை" என்ற கூற்றில் இரண்டு விடயம் இருக்கிறது: குடி நின்று நித்திரை வராவிட்டால் என்ன எண் போடுவது? பிரித்து இரண்டாக எழுத வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் மரியாதை. "இப்ப பரவாயில்லை மிஸ்" என்று சொல்லாமல் எழும்பிப் போவது பலருக்கு நன்றிகெட்டதாகத் தோன்றும். அதனால் புள்ளியைச் சீர்மியர் கேட்டு எழுதக் கூடாது. உள்ளே வருமுன், வெளி வாங்கில் இருந்தபடி அவரே குறிக்க வேண்டும். எழுத இயலாதவருக்கு வேறொருவர் உதவலாம். நாளாந்தப் பதிவு என்றால் விடுபட்ட நாட்களையும் பாருங்கள். ஆக மோசமான நாளிலேயே பெரும்பாலும் பதியாமல் விடுவார்கள், ஆகவே வெற்றுக் கட்டத்தைச் சராசரி கொண்டு நிரப்பினால் படம் பொய்யாகும்.

சிகிச்சை தொடங்குமுன் அளவீடு வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது மூன்று, இயன்றால் ஐந்து. துன்பம் உச்சத்தில் இருக்கும் கிழமையில்தான் ஆட்கள் வருகிறார்கள். ஒன்றும் செய்யாமலே அடுத்த கிழமை கொஞ்சம் இறங்கும். ஒரே ஓர் ஆரம்ப அளவீட்டோடு தொடங்கினால் அந்த இறக்கத்தை நம் சிகிச்சையின் வெற்றி என்று எழுதிவிடுவோம். தொடங்குமுன்னரே எண்கள் இறங்கிக்கொண்டிருந்தால், ஆளுக்கு ஆபத்தில்லாத பட்சத்தில், அவை நிலைக்கும் வரை பொறுத்திருங்கள். சிகிச்சையைக் கொடுத்து, நிறுத்தி, மீண்டும் கொடுத்துப் பார்க்கும் முறை, நடத்தையை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னரின் வழி வந்த ஆய்வாளர்களுடையது. பிள்ளையின் வகுப்பறை நடத்தைக்கு அது சரி. தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் நிறுத்திப் பார்க்க முடியாது. கற்றுக்கொண்ட மூச்சுப் பயிற்சியை மறக்கச் சொல்லவும் முடியாது. அப்போது ஒரே மாதிரியான முறைப்பாடு உள்ள மூவரை எடுத்து, ஒருவருக்கு நான்காம் கிழமை, அடுத்தவருக்கு ஆறாம் கிழமை, மூன்றாமவருக்கு எட்டாம் கிழமை தொடங்கலாம். அவரவருக்குத் தொடங்கிய கிழமையிலிருந்து அவரவர் எண் இறங்கினால், திருவிழாவோ பரீட்சை முடிவோ காரணம் என்று சொல்வது கடினம். அவசரமானவர் காத்திருக்கக் கூடாது. அவரை இந்த ஒழுங்குக்குள் சேர்க்காதீர்கள்.

எவ்வளவு இறங்கினால் உண்மையான இறக்கம்? பொது வினாக்கொத்துகளுக்கு ஜேக்கப்சனும் ட்ருவாக்ஸும் 1991இல் தந்த கணக்கு உதவும். நியம விலகல் 5, நம்பகத்தன்மை (திரும்ப அளந்தாலும் எவ்வளவு ஒத்து வரும் என்ற 0 முதல் 1 வரையான எண்) 0.85 என்றால்: 1இலிருந்து 0.85ஐக் கழித்தால் 0.15, இரண்டால் பெருக்கினால் 0.30, வர்க்கமூலம் 0.548, 5ஆல் பெருக்க 2.74, 1.96ஆல் பெருக்க 5.4. ஆறு புள்ளிக்குக் குறைந்த மாற்றத்தை அளவீட்டுப் பிழையிலிருந்து பிரித்தறிய முடியாது. 14இலிருந்து 11க்கு வந்தவரை "முன்னேற்றம்" என்று குறிப்பது அவசரம். இந்த நியம விலகலும் நம்பகத்தன்மையும் கூட்டத்திலிருந்து வந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். தனியாளைப் பற்றிய தீர்ப்புக்குள்ளும் கூட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கிழமைக்கு ஒன்றாக அவருக்கே பதினைந்து இருபது அளவீடு சேர்ந்துவிட்டால், அவருடைய சொந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே எல்லையைப் போடலாம்.

ஒருவரிடம் கண்டது பொதுவிதியாக வேண்டுமானால் அடுத்தவரிடம் திருப்பிப் பாருங்கள். பொருந்தாத ஆள் வந்தால் அவரைத் தூக்கி எறியாமல், எதில் வேறுபடுகிறார் என்று தேடுங்கள். 1953இல் வலிப்புக்காக மூளையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டுப் புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாமற்போன ஹென்றி மொலேசன், கண்ணாடியில் பார்த்து வரையும் பயிற்சியில் மட்டும் நாளுக்கு நாள் தேறினார், முதல்நாள் பழகியதே நினைவில்லாமல். நினைவு என்பது ஒரே பொருளல்ல என்ற பொதுவிதிக்கு அந்த ஒருவர் வழிகாட்டினார். மற்ற நோயாளர்களிடம் பார்த்துத்தான் அது உறுதியாயிற்று.

தனியாள் அறிக்கையை எழுதி வெளியிடுபவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பெயரை மாற்றுவது இங்கே ஒன்றையும் மறைக்காது. கிராமம், வயது, தொலைந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, மூத்த மகள் எந்த நாட்டில் என்பது: இந்த நான்கில் மூன்று இருந்தால் அடுத்த சந்தியில் உள்ள கடைக்காரர் ஆளைச் சொல்லிவிடுவார். ஊர்ப் பெயரை எடுத்துப் பிரதேசமாக்குங்கள், வயதை ஐந்து வருட இடைவெளியாக்குங்கள், தேதிகளுக்குப் பதிலாகத் தொடங்கிய கிழமையிலிருந்து எண்ணுங்கள். விளக்கத்துக்குத் தேவையில்லாத குடும்ப விவரத்தை மாற்றி எழுத வேண்டாம், முழுதாக நீக்கிவிடுங்கள். மாற்றிய விவரம் இன்னொரு குடும்பத்துக்குப் பொருந்திவிடக்கூடும். அச்சுக்குப் போகுமுன் சம்பந்தப்பட்டவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, "இதில் உங்களை யாராவது பிடித்துவிடுவார்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்த வரி போக வேண்டும், அது எவ்வளவு அருமையான தரவாக இருந்தாலும்.